வலக்கையும் தோளும்: மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின்னான 22 மாதங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக வலப்புற மார்பகமும் அக்குள் நிணநீர்க்கணுக்களும் அகற்றப்பட்ட 52 வயதுப் பெண் ஒருவரின் கை, தோள் சிக்கல்களுக்கு 22 மாதங்கள் சிகிச்சையளித்த விவரம் இது. அவர் ஒரு கிராமப் பள்ளியின் சத்துணவு மையத்தில் சமையலராகப் பணிபுரிகிறார். பத்தாண்டுகளாக நீரிழிவு உள்ளவர். இதை எழுத அவர் சம்மதித்திருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். ஒரே கையில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களால் வந்த தொல்லைகளை எல்லாம் அவரும் குடும்பத்தாரும், சில வேளைகளில் சிகிச்சையளித்த நாங்களுமே, "ஆபரேஷன் பண்ணின கை அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடப் பார்த்தோம். அந்த வாக்கியம் அவருக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்கியது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு

கட்டி பெரிதாக இருந்ததாலும் அக்குளுக்குப் பரவியிருந்ததாலும் அவருக்கு முதலில் கீமோ கொடுக்கப்பட்டு, அதன் பிறகு அக்டோபர் மாதத்தில் அறுவை நடந்தது. மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்டது; மார்பின் பெரிய தசை விடப்பட்டது; அக்குளிலிருந்து 18 நிணநீர்க்கணுக்கள் அகற்றப்பட்டன, அவற்றுள் நான்கில் நோய் இருந்தது. காயநீரை வடிக்க வைத்திருந்த டிரெய்ன் குழாய் பன்னிரண்டாம் நாள் எடுக்கப்பட்டது. காயம் நன்றாக ஆறியது. ஐந்தாம் வாரம் கதிர்வீச்சுக்கு, அதாவது ஊர் வழக்கில் சொல்லும் "கரண்ட் வைப்பதற்கு", திட்டமிடுவதற்காக அவரைப் படுக்க வைத்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. கையின் மீது கதிர் படாமலிருக்க அதைத் தலைக்கு மேல் உயர்த்தி அசையாமல் வைத்திருக்க வேண்டும். அவரால் தோள் உயரத்துக்குக்கூட கையைக் கொண்டுபோக முடியவில்லை. அன்று மாலை அவரை எங்கள் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அவர் வந்த கோலத்தை இன்றும் மறக்க முடியவில்லை. வலக்கையை மடக்கி வயிற்றோடு சேர்த்து, முந்தானையால் சுற்றி, இடக்கையால் தாங்கிப் பிடித்தபடி தோளை முன்பக்கம் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "கையைத் தூக்கினா தையல் பிரிஞ்சிடும்னு சொன்னாங்க டாக்டரம்மா" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர், அண்ணி, சொந்தக்காரப் பெண் ஒருவர் என்று வரிசையாகச் சொன்னார். வார்டில் கொடுத்த அறிவுரைகளோ, அந்தக் கையில் எடை தூக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது என எல்லாமே "கூடாது" என்று முடிந்தவை. என்ன செய்யலாம் என்பதை ஒருவரும் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஐந்து வாரங்களாகத் தலை வாரியதும் ஜாக்கெட் கொக்கி மாட்டியதும் அவருடைய மகள்தான்.

கையை முன்பக்கமாக உயர்த்துவது அவர் முயற்சியில் 85 பாகை வரையும், நான் தாங்கி உயர்த்தியபோது 105 பாகை வரையும் சென்றது. பக்கவாட்டில் அது 70, 90 என்று நின்றுவிட்டது. ஆனால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பியபோது 65 பாகை கிடைத்தது. நலமான இடக்கையில் அது 75. இந்த ஓர் அளவு முக்கியமானது. தோள் மூட்டின் உறையே இறுகிவிட்டிருந்தால், அதாவது உறைந்த தோள் என்று நாம் சொல்லும் நிலையாக இருந்தால், வெளிப்புறச் சுழற்சிதான் முதலில் குறையும். அது காப்பாற்றப்பட்டிருந்ததால், தடை மூட்டுக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று முடிவு செய்ய முடிந்தது.

அந்தத் தடையைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. கையைப் பக்கவாட்டில் விரித்து முழங்கையை நீட்டச் சொன்னதும் அக்குளிலிருந்து முழங்கை மடிப்பு வரை தோலுக்கடியில் மூன்று நரம்புக்கயிறுகள் போன்றவை விண்ணென்று புடைத்து நின்றன. அவற்றுள் ஒன்று முன்கை வழியாகக் கட்டைவிரலின் அடி வரை போயிற்று. இவை நரம்புகள் அல்ல. அக்குள் கணுக்களை எடுத்தபின், வழி அடைபட்டுத் தடித்துச் சுருங்கிய நிணநீர்க் குழாய்களும் மெல்லிய சிரைகளும் இவ்வாறு கயிறாகத் திரள்கின்றன என்று கருதப்படுகிறது. 2001இல் மாஸ்கோவிட்ஸ் குழுவினர் இதை அக்குள் வலை நோய்க்குறித் தொகுப்பு (axillary web syndrome) என்று தனியாக அடையாளப்படுத்தி விவரித்தார்கள். அறுவைக்குப் பின் முதல் எட்டு வாரங்களுக்குள்ளேயே இது பெரும்பாலும் தோன்றுகிறது. பலருக்குச் சில மாதங்களில் தானே தளர்ந்துவிடுகிறது. நோய் திரும்பி வந்ததன் அறிகுறியோ என்று அஞ்சி இரவெல்லாம் அந்தக் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னபோது, இந்த ஒரு விளக்கத்தை மூன்று வாரங்களுக்கு முன்பே யாராவது தந்திருக்கக் கூடாதா என்று வருந்தினேன்.

மேலும் இரண்டு விஷயங்கள் இருந்தன. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளச் சொன்னபோது வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகிலிருந்து சிறகு போல எழுந்தது. விலாப்புறமாக இறங்கும் நீண்ட மார்பு நரம்பு அறுவையின்போது இழுபட்டாலும் அதிர்ச்சியுற்றாலும் தோள்பட்டையை விலாவோடு பிடித்து வைக்கும் தசை சோர்ந்துவிடும்; நரம்பு அறுபடாதவரை இது பெரும்பாலும் சில மாதங்களில் மீளும். மற்றொன்று, மேற்கையின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சியில்லை. அக்குளைக் குறுக்கே கடந்துசெல்லும் விலாவிடை மேற்கை நரம்பு பாதிக்கப்பட்டதன் விளைவு அது. இந்த மரப்பு நிரந்தரமாக நிற்கவும் கூடும் என்பதையும், மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும் என்பதையும் முதல் நாளே அவரிடம் சொன்னேன்.

அக்குள் கணுக்களை எடுத்தபின் நிணநீர் வடிய வழியின்றிக் கை வீங்கக்கூடும். அந்த நிணநீர் வீக்கம் அன்று இல்லை. மணிக்கட்டிலிருந்து மேலே 4 செ.மீ.க்கு ஒரு சுற்றளவு எடுத்து, அந்தத் துண்டுகளின் கன அளவைக் கூட்டிப் பார்த்ததில் வலக்கை இடக்கையைவிட 40 மி.லி. மட்டுமே கூடுதலாக இருந்தது. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு அது இயல்பே. ஆயினும் அறுவைக்கு முன்பே இந்த அளவை எடுத்திருக்க வேண்டும். முன்னளவு இல்லாதபோது பிந்தைய வீக்கத்தைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது அளவு நாடாவைவிட ஊகத்தையே நம்பியிருக்கிறது.

பத்தொன்பது நாட்கள்

கதிர்வீச்சைத் தள்ளிப்போட அதிக இடமில்லை. வாரத்தில் மூன்று நாள் அவரை வரச் சொன்னேன். கயிறு புடைக்கும் அளவுக்குக் கையை விரித்து வைத்து, தோலை அந்தக் கயிற்றின் நெடுக்கில் மெதுவாக இழுத்துப் பிடிப்பதும், பிறகு முழங்கையையும் மணிக்கட்டையும் படிப்படியாக நீட்டுவதும் கையால் செய்த சிகிச்சையின் பெரும்பகுதி. இரண்டாம் வாரம் ஒரு நாள் சட்டென்று நூல் அறுவது போன்ற சத்தம் கேட்டு இருவருமே ஒரு கணம் நின்றோம். ஒரு கயிறு விட்டுப்போயிருந்தது, கை அங்கேயே பத்துப் பாகை கூடுதலாக உயர்ந்தது. இது கேடில்லாத நிகழ்வு. ஆனால் அந்தச் சத்தத்தை வரவழைப்பதற்காக வலிய இழுப்பதை நான் ஏற்கவில்லை.

வீட்டுப் பயிற்சிக்கு எந்தக் கருவியும் வாங்கச் சொல்லவில்லை. பாயில் மல்லாந்து படுத்து, ஒட்டடைக் கம்பை இரு கைகளாலும் பிடித்து, நல்ல கை மற்றதைத் தூக்கிச் செல்ல, தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறி, எட்டிய இடத்தில் கரியால் கோடு போட வேண்டும். தோள்பட்டையை நிலைநிறுத்தும் தசைக்காக, படுத்தபடி கூரையை நோக்கிக் கையை நீட்டித் தோளையும் சேர்த்து மேலே தள்ள வேண்டும். ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு ஐந்து வேளை. தோட்டத்துக் கொடியில் துணி காயப்போடுவதையும் தம் தலையைத் தாமே வாருவதையும் அன்றிலிருந்தே தொடங்கச் சொன்னேன். சுவரில் கோடுகள் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தபிறகுதான் அண்ணியின் எச்சரிக்கை வீட்டில் வலுவிழந்தது.

பத்தொன்பதாம் நாள் கை முன்பக்கமாக 150 பாகையும் பக்கவாட்டில் 140 பாகையும் உயர்ந்தது. கதிர்வீச்சுத் திட்டமிடல் தடையின்றி முடிந்து, 15 தவணைகளில் மொத்தம் 40 கிரே அளவு கதிர் கொடுக்கப்பட்டது. கதிர் பட்ட தோல் கறுத்து எரிந்த நாட்களிலும் அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காமல் தோள் அசைவுகளை மட்டும் விடாமல் செய்தார். கதிர்வீச்சின் இறுக்கம் அது முடிந்த பின்பும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் என்பதால் இதை நான் வற்புறுத்தினேன்.

தொடக்கத்திலேயே பயிற்சி கொடுத்தால் காயம் கெடுமா என்ற கேள்விக்கு இப்போது தெளிவான பதில் இருக்கிறது. 2021இல் பிஎம்ஜே இதழில் வெளிவந்த பிராஸ்பர் ஆய்வில், பிரிட்டனின் 17 மையங்களில் தோள் சிக்கல் வரும் வாய்ப்பு மிகுந்த 392 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு அறுவை முடிந்த 7 முதல் 10 நாட்களில் பிசியோதெரபிஸ்ட் வழிநடத்தும் பயிற்சி தொடங்கப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களுடைய கை இயக்கம் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது; காயச் சிக்கலோ நிணநீர் வீக்கமோ அதனால் கூடவில்லை. முதல் வாரம் மட்டும் கையைத் தோள் உயரத்துக்குமேல் கொண்டுபோகாமல் இருப்பது, காயத்தினடியில் நீர் சேர்வதைக் குறைக்க உதவும். என் நோயாளியின் ஐந்து வாரங்கள் எந்தக் காரணமும் இல்லாமல் போயின.

ஜூலை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவர் வேலைக்குத் திரும்பினார். இடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வரச் சொல்லியிருந்தும் ஒரே முறைதான் வந்தார். அப்போது வேறுபாடு 60 மி.லி. இதில் என் பங்கும் உண்டு. அசைவுகளைப் பற்றி அவ்வளவு பேசிய நான், அடுப்படியில் நிற்கும் ஒருவருக்குச் சூட்டுக்காயம் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை.

ஜூலை நடுவில் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி தெறித்து வலது முன்கையில் கொப்புளம் போட்டது. பற்பசை தடவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல். முன்கை முழுவதும் சிவந்து, தொட்டால் அனலாக இருந்தது. அதற்கும் இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே வலது ஜாக்கெட் கை இறுக்கமாகி வந்ததையும், கழற்ற முடியாமல் வளையலை உடைத்ததையும் விசாரித்த பிறகே சொன்னார். ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிப்பது எந்த அளவு நாடாவுக்கும் முந்தைய அறிகுறி. அதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கணுக்கள் அகற்றப்பட்ட கையில் வரும் இந்தத் தோலடித் தொற்று காத்திருக்கக் கூடியதன்று. அதுவும் நீரிழிவு உள்ளவருக்கு. உள்நோயாளியாகச் சேர்த்துச் சிரை வழியாகப் பென்சிலின் வகை மருந்து கொடுக்கப்பட்டது. பிறகு மாத்திரையாக, மொத்தம் 14 நாட்கள். தொற்று அடங்கும்வரை கட்டுப்போடுவதையும் மசாஜையும் தள்ளிவைத்தோம். டாப்ளர் பரிசோதனையில் சிரைகளில் இரத்த உறைவு இல்லை. அக்குள் ஸ்கேனில் நோய் திரும்பிய தடயம் இல்லை. திடீரென்று வீங்கும் கைக்கு நிணநீர் வீக்கம் என்று பெயரிடுவதற்கு முன் இவ்விரண்டையும் விலக்கியாக வேண்டும்.

அவர் ஊரில் இதை யானைக்கால் என்றார்கள். காவிரிப் படுகையில் தலைமுறைகளாக யானைக்கால் நோயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. இரண்டிலும் நிணநீர் வழிகள் பழுதாவதால்தான் வீக்கம் வருகிறது. ஆனால் ஒன்று கொசுவால் பரவும் புழுத் தொற்று, மற்றது அறுவையும் கதிர்வீச்சும் விட்டுச்சென்ற அடைப்பு. "எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒட்டாது என்பதைக் கணவரையும் அழைத்து உட்கார வைத்துச் சொன்னேன். இதற்கிடையில் யாரோ கொடுத்த நீர் மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டிருந்தார். அதனால் நிணநீர் வீக்கம் வடியாது. நீர் ஓரளவு போனாலும் புரதம் திசுக்களில் தங்கி, வீக்கம் திரும்பி வந்து, நாளடைவில் கெட்டிப்படும்.

வலக்கை 2,380 மி.லி., இடக்கை 2,020 மி.லி. என்றது கணக்கு. வேறுபாடு 360 மி.லி., அதாவது 18 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அழுத்தினால் குழி விழுந்தது. இரவு முழுக்கக் கையை உயர்த்தி வைத்தும் வீக்கம் வடியவில்லை. இரண்டாம் நிலையின் தொடக்கம் என்று வகைப்படுத்தினேன். 2013இல் டிசிப்பியோ குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, அக்குள் கணுக்கள் முழுமையாக அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், நிணநீர் முதலில் வந்துசேரும் காவல்கணுவை மட்டும் எடுத்தவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கும் இந்த வீக்கம் வந்தது தெரியவந்தது. உடல் எடை கூடுதலாக இருப்பதும் தொற்று வருவதும் அதற்குத் துணைபோகின்றன. இவருக்கு எல்லாமே இருந்தன.

மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் சிகிச்சை நடந்தது. தோலுக்குத் தேங்காயெண்ணெய்; கழுத்து, எதிர் அக்குள் பக்கமாக நிணநீரைத் திருப்பும் மென்மையான மசாஜ்; அதன் மேல் பல அடுக்குக் கட்டு; கட்டுடனேயே கைப் பயிற்சி. இவற்றுள் கட்டுதான் உயிர்நாடி. விரல்களிலிருந்து தொடங்கி, பஞ்சுப்பட்டை வைத்து, நீட்சி குறைந்த துணிப்பட்டையால் கைப்பகுதியில் அழுத்தம் மிகுந்தும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்குமாறு சுற்ற வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு உதவாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நன்றாக நீளும் வகை, தசை இயங்கும்போது எதிர்த்து நின்று நிணநீரைத் தள்ளாமல் விட்டுக்கொடுத்துவிடும், ஓய்வாக இருக்கும்போதோ இறுக்கிப் பிடிக்கும். சுற்றுகிற முறையை மகள் நான்கே நாளில் கற்றுக்கொண்டார்.

மூன்றாம் வார முடிவில் வேறுபாடு 140 மி.லி.யாகக் குறைந்தது. அந்த அளவுக்குத் தைத்த, 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும், மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை இறுக்கிப் பிடிக்கும் உறையும், புறங்கைக்கு விரலில்லாக் கையுறையும் வாங்கிக்கொடுத்தோம். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. வெயிலில், விறகடுப்பு முன்னால், வியர்வையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்பதை மின்விசிறிக்கடியில் இருந்து அறிவுரை சொல்பவர்கள் உணர வேண்டும். நைலான் கலந்த துணி நெருப்பருகே உருகும் ஆபத்தும் உண்டு. எனவே அதற்கு மேல் தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை, இரண்டு உறைகளை மாற்றி மாற்றித் துவைப்பது, அடுப்பு வேலை முடிந்ததும் பத்து நிமிடம் கழற்றித் துடைத்து உலர்ந்தபின் மீண்டும் போடுவது என்று அவருடைய நாளுக்கேற்ப ஒழுங்குபடுத்தினோம். வடிப்பதை உதவியாளரும் அவருமாக இருவர் பிடித்துச் செய்ய அமைப்பாளர் ஒப்புக்கொண்டார். நீளக் காம்புள்ள கரண்டி வந்தது. காய் நறுக்கும்போது இடக்கையில் அல்ல, வலக்கையில்தான் வெட்டு விழாமல் பார்க்க வேண்டும் என்பதால் அரிவாள்மனையை விட்டுக் கத்தியை வலக்கையில் பிடிக்கப் பழகினார்.

எடையும் அச்சமும்

பன்னிரண்டாம் மாதத்தில் வீக்கம் நிலையாக இருந்தபோது, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை எடையாக வைத்துத் தசைப் பயிற்சி தொடங்கினேன். வாரம் இரண்டு நாள், உறையை அணிந்தபடி. இரண்டு வாரம் வீக்கம் கூடாமல் இருந்தால்தான் அடுத்த எடை. 2009இல் ஷ்மிட்ஸ் குழுவினர் நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களிடம் ஓராண்டு நடத்திய ஆய்வில், இவ்வாறு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாகும் நிகழ்வுகள் குறைந்தன. அதற்கு முன்பே, 1996இல், கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் மார்பகப் புற்றுநோய் கண்ட 24 பெண்களைத் துடுப்புப் படகு வலிக்க வைத்து, கையை உழைக்கவிட்டால் வீங்கிவிடும் என்ற நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியிருந்தார். குடம் தூக்கிப் பிழைப்பு நடத்தும் பெண்ணிடம் எடையே தூக்காதே என்று சொல்வது வேலையை விடு என்று சொல்வதாகும். கையை அந்த எடைக்குத் தயார்ப்படுத்துவதே எங்கள் கடமை.

ஊசி, இரத்த அழுத்தம் பற்றிய தடையும் நாம் நினைத்த அளவுக்குச் சான்றுள்ளதன்று. பெர்குசன் குழுவினர் 2016இல் வெளியிட்ட, 632 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அறுவை நடந்த பக்கத்துக் கையில் இரத்தம் எடுத்தது, ஊசி போட்டது, அழுத்தம் பார்த்தது எதற்கும் கை அளவு கூடியதற்கும் தொடர்பு தெரியவில்லை. தோலடித் தொற்றுக்குத் தொடர்பு இருந்தது. மறுகை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அவசரத்தில் இந்தக் கையில் ஊசி போட நேர்ந்துவிட்டால் அழ வேண்டியதில்லை என்பதே நான் அவரிடம் சொன்னது.

பதினாறாம் மாதம் மீண்டும் தோள் வலி என்று வந்தார். இரவில் வலப்பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை. பழைய கயிறுகள்தான் திரும்பிவிட்டன என்று அவரும், புற்றுநோய் திரும்பாமலிருக்க அவர் சாப்பிட்டுவந்த லெட்ரசோல் மாத்திரையின் மூட்டுவலி என்று வார்டிலும் எண்ணினார்கள். அளந்தால் வெளிப்புறச் சுழற்சி 20 பாகைக்கு விழுந்திருந்தது. கயிறு ஒன்றும் இல்லை. தோள்பட்டைச் சிறகும் மறைந்துவிட்டிருந்தது. புற்றுநோய் கண்டவரின் எலும்புவலியை அப்படியே விடக் கூடாது என்பதால் எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுக்கப்பட்டன; இரண்டும் தெளிவாக இருந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.4 விழுக்காடு. இம்முறை உண்மையிலேயே, நீரிழிவு உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படும் உறைந்த தோள். எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லி, தினமும் பார்க்க வைத்தோம். வலி தணிந்த பிறகே மூட்டை நீட்டும் பயிற்சியைக் கூட்டினேன்.

இருபத்திரண்டாம் மாதத்தில் கை முன்பக்கம் 150, பக்கவாட்டில் 140, வெளிப்புறச் சுழற்சி 55 பாகை. வீக்க வேறுபாடு 150 மி.லி. மூன்று மாதச் சர்க்கரை 7.6. ஜூலைக்குப் பிறகு தொற்று வரவில்லை. இரண்டு கிலோ எடையைத் தோள் உயரம் வரை தூக்குகிறார். மேற்கையின் உட்புற மரப்பு ஓரங்களில் மட்டும் சுருங்கியிருக்கிறது, நடுவில் அப்படியே இருக்கிறது. மே மாதம் இரண்டு வாரம் உறையைப் போடாமல் விட்டதில் கை கனத்துப்போனது. திரும்பக் கட்டுப்போட்டு ஆறு நாளில் பழைய அளவுக்கு வந்தது. உறையின் மீள்தன்மை ஆறு மாதத்தில் தளர்ந்துவிடுவதால் இந்த மாதம் புதிதாக அளவெடுத்துக் கொடுத்திருக்கிறோம். எங்கள் பிரிவில் இப்போது மார்பக அறுவைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முந்தைய நாள் மாலையே இரு கைகளின் சுற்றளவையும் தோளின் கோணங்களையும் குறித்துவைக்கிறோம்.